என் மண்டபத்தில் நடந்த பயிற்சி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். புளி மூட்டை சுமந்து அடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறங்கியவன், இன்று ஜவ்வாது மலைமேல் எட்டு அறையும் ஒரு மண்டபமும் வைத்திருக்கிறேன். எவன் கையையும் பிடித்து வந்தவனில்லை. என் மகள் வேலை பார்த்த பொறியியல் கல்லூரி பயிற்சிக்கு இடம் தேடியபோது, என் மண்டபத்துக்கு வரச் சொல்லி அனுப்பியதும் நான்தான்.

துறைத்தலைவரைத் தவிர வந்தவர்கள் எல்லாரும் வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஆசிரியர்கள்; என் மகளும் அதில் ஒருத்தி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வழிகாட்டுவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி. இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் மனக்குறையைச் சொல்ல, மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டுமாம். பேசியது வெளியே போகக் கூடாதாம். இதற்கு ஒரு பயிற்சியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

டீ கொண்டுபோனபோது மகளின் குரல் காதில் விழுந்தது. எதிரே புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர்.

"ஒம்போது வருசம் ஆச்சு சார். மே கடைசில நிறுத்துவாங்க, ஜூன்ல திரும்ப ஆர்டர் குடுப்பாங்க. நிரந்தரம்னு வாயத் தொறந்தா அதுவும் வராது. எங்க நைனா புரொபசர்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு. அவருகிட்ட எப்படிச் சொல்றது?"

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். நம் கையால் சாப்பிட்டவன், கை கழுவும்போது கேட்டதைத் தட்டமாட்டான். நிலத் தகராறு, பெண் கேட்பது எல்லாம் அப்படித்தான் முடித்திருக்கிறேன். மறுநாள் மதியம் துறைத்தலைவருக்குச் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் நானே பரிமாறினேன். கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அத்தனை பேர் முன்னும் கேட்டேன்.

"சார், மே மாசம் நிறுத்தி ஜூன்ல சேக்கறீங்களாமே, இது இன்னா நியாயம்? என் பொண்ண நிரந்தரம் பண்ணிடுங்க."

அவர் கையைத் துடைத்தார். "கொழம்பு பிரமாதம்ங்க ஐயா" என்றார். பிறகு என் மகளைப் பார்த்தார்.

பஸ் ஏறும் முன் அவள் என்னிடம் வந்தாள். "இன்னா நைனா பண்ணி வச்ச?"

"கேக்காம எவன் குடுப்பான்? இந்த மலைக்கு ரோடு வந்ததே நான் கேட்டுத்தான்."

"எனக்கோசரம் நீ கேக்க வேணாம்."

ஜூனில் மற்ற எல்லாருக்கும் ஆர்டர் வந்தது. அவளுக்கு வரவில்லை. இந்த வருடம் பாடவேளை குறைவாம். ஆனால் அவள் நடத்திய பாடத்தை அந்தப் புது ஆசிரியரிடம் கொடுத்திருந்தார்கள்.

இப்போது மலையில்தான் இருக்கிறாள். அந்தப் புது ஆசிரியர் தினமும் போன் செய்து, நாளைய வகுப்பில் எதை எப்படி நடத்துவது என்று கேட்கிறார். இவளும் ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறாள்.

"உன் வேலைய வாங்கிக்கினவனுக்கு எதுக்கு சொல்ற?" என்றேன் ஒருநாள்.

"பரீட்சை வருது நைனா, பசங்க இன்னா பண்ணுவாங்க?" என்று சொல்லிவிட்டு, போனோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.