புதுநன்மைக்கு முந்தின சனிக்கிழமை

எனக்கு அப்போது எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வேண்டும். வெள்ளை கவுன் தைத்து வந்தாயிற்று. அதற்கு ஒரு வாரம் முன்பு காதுவலி வந்தது. அம்மா நர்ஸ். டாக்டரிடம் காட்டாமல் தானே ஒரு சிரப் வாங்கிவந்து, காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் ஒவ்வொரு மூடி கொடுத்தாள். "வீட்லயே நர்ஸ் இருக்கு, டாக்டர் எதுக்கு?" என்று அப்பாவுக்குப் பெருமை.

வியாழன் காலை குளிக்கும்போது வயிற்றில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். போன மாதம் அம்மை போட்ட பக்கத்து வீட்டுப் பையனை இரண்டு வாரம் வாசல் தாண்ட விடவில்லை. எனவே யாரிடமும் சொல்லாமல் முழுக்கை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன். மருந்து குடித்தால் சீக்கிரம் போய்விடும் என்று, கூப்பிடுவதற்கு முன்பே போய் வாயைத் திறந்தேன். என் சமர்த்தைப் பார்த்தாவது அம்மா சந்தேகப்பட்டிருக்கலாம்.

சனிக்கிழமை மாலை, கவுன் அளவு பார்க்க அத்தை என் ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

"அய்யய்யோ! அண்ணி, இங்க வாங்களேன். புள்ளைக்கு அம்மை!"

அம்மா வந்து முதுகைப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"எப்போலேர்ந்துடி?"

"வியாழக்கிழமை."

"அப்புறமும் மருந்து குடிச்சியா?"

"ஒரு வேளைகூட விடல மம்மி" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அம்மா சட்டென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஆட்டோ பிடித்தாள்.

அது அம்மை இல்லை, அந்த மருந்து என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். அம்மாவை அவருக்குத் தெரியும். "நிறுத்திடுங்க சிஸ்டர். இனி ஆயுசுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, வாயில புண் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே கொண்டுவாங்க."

எனக்கு ஒரே கேள்விதான். "நாளைக்குக் கோவிலுக்குப் போலாமா, அங்கிள்?"

"இது ஒட்டாதும்மா. காலைல நல்லா இருந்தா பேஷா போ."

திரும்பும் வழியெல்லாம் நான் கவுனைப் பற்றியும் கேக்கைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி, "கொஞ்ச நேரம் பேசாம இருடி" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கையை விடவில்லையே, கோபம் அவ்வளவு பெரிதாக இருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன். அவள் என் நாடியை எண்ணிக்கொண்டு வந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.