சித்திக்கு எதிராக ஒரு கையெழுத்து

பத்தாம் வகுப்பில் எங்களுக்குப் பௌதிகம் எடுக்க வந்தவள் என் சொந்தச் சித்தி. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். தினமும் தன் மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். தற்காலிக வேலைதான், தலைமையாசிரியை மனம் வைத்தால் நிரந்தரமாகும்.

முதல் வாரமே வம்பு தொடங்கியது. ஆளுக்கொரு டார்ச் பாட்டரி, ஒரு குட்டி பல்பு, ஒரே ஒரு கம்பித் துண்டு. எரியவையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓம் விதியை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற நாங்கள் மணி அடிக்கும்வரை திணறினோம். அவள் விடையைச் சொல்லவில்லை. வீட்டில் கேட்டதற்கு, "கிளாஸ்ல கேளுடி" என்றாள்.

மாதம் முழுக்க இதே கதை. "நோட்ஸ் யாவாக கொடுத்தீரா, மிஸ்?" என்று வகுப்புத் தலைவி கன்னடத்தில் கேட்டே விட்டாள். நோட்ஸ் எப்போது வரும் என்பதற்குச் சித்தி சிரித்ததோடு சரி.

பொதுத்தேர்வு பயத்தில், மிஸ் ஏன் நோட்ஸே தருவதில்லை என்று விசாரிக்கச் சொல்லித் தலைமையாசிரியைக்கு மனு தயாரானது. எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு காகிதம் என்னிடம் வந்தது. உன் சித்தி என்பதற்காக நாங்கள் ஃபெயிலாக வேண்டுமா என்றாள் தலைவி. போட்டுவிட்டேன். அன்று வீட்டில் சித்தி சோறு பரிமாறியபோது அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தேன்.

மறுநாள் தலைமையாசிரியை மனுவோடு வகுப்புக்கே வந்தார். பெயர்களைப் படித்து ஒவ்வொருவராக எழுப்பி நிறுத்தினார். கடைசிப் பெயர் என்னுடையது. எழுந்தேன். சித்தி என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"நோட்ஸ் தருவதில்லையாமே, உண்மையா?" என்று தலைமையாசிரியை அவளைக் கேட்டார்.

"உண்மைதான், மேடம்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். சித்தி எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே யோசிச்சுக் கண்டுபிடிக்கணும்னுதான் நான் விடையைச் சொல்லல. ஆனா அதை உங்ககிட்ட ஒரு நாளும் எடுத்துச் சொல்லல. அது என் தப்பு. இனிமே கடைசிப் பத்து நிமிஷம் நோட்ஸ். மிச்ச நேரத்தை எனக்குக் குடுங்க."

கன்னடத்தில் அவள் சொன்னது இதுதான். தலைமையாசிரியை எங்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனுவை மடித்துக்கொண்டு வெளியேறினார்.

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இத்தனை பேர் முன்னால் சித்தி தோற்றுவிட்டாள், அதுவும் என்னால். மாலையில் மொபெட்டில் அவள் தோளைப் பிடிக்கக்கூடத் துணியவில்லை.

வீட்டில் அம்மா காபியை நீட்டி, "என்னடி, முகமெல்லாம் பூரிச்சுக் கிடக்கு?" என்று அவளைக் கேட்டாள்.

"பசங்க இன்னைக்குத்தான் அக்கா மொதல் தடவையா, ஏன் இப்படிப் பண்றேன்னு என்னைக் கேட்டாங்க."

நாங்கள் கொடுத்தது புகார். அதை ஏன் கேள்வி என்கிறாள், அதில் மகிழ என்ன இருக்கிறது என்று புரியாமல், காபி ஆறும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.