பட்டுப்போகாத மாமரம்

காஜா பேராங் தெருவில் நல்லையாவுக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம்தான். ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் கிழட்டு மரங்களைப் பட்டை உரித்தே சாகடித்தவர். மரத்தைப் பற்றித் தெரியாதவன் அவர் கண்ணுக்கு மனுஷனே இல்லை. டவுனுக்கு வந்து கிளை வெட்டிப் பிழைத்தபோதும் அந்தத் திமிர் மட்டும் இறங்கவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷத் தைப்பூசத்துக்கு முன்னால், தெருவில் மனை வாங்கியிருந்த கலியாணசுந்தரம் அவரைக் கூப்பிட்டார். முச்சந்தி மாமரம் அவர் கட்டப்போகும் வீட்டுக்கு இடைஞ்சலாம். வெட்டினால் தெருவே சண்டைக்கு வரும். "தானாப் பட்ட மாதிரி இருக்கணும்" என்றார்.

தைப்பூசத்தன்று தெரு மொத்தமும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், நல்லையா அடிமரத்து மண்ணைத் தோண்டி, சுற்றிவர ஒரு சாண் பட்டையை உரித்து, மறுபடி மண்ணை மூடினார். அந்த மரத்தடியில்தான் அவர் மனைவி பொன்னம்மா காலையில் புட்டுமாயம் என்கிற இடியாப்பம் அவித்து விற்பாள். அவளிடமும் மூச்சு விடவில்லை.

சித்திரை மழை மண்ணை அரித்து, பட்டை போன இடத்தை வெளியே காட்டியது. மரமோ பச்சைப் பசேலென்று நின்றது. போதாக்குறைக்குப் பருவம் தப்பிப் பூக்கவும் செய்தது. நம் ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்? பட்டை போயும் பட்டுப்போகவில்லையே, அம்மன் குடியிருக்கிறாள்! மஞ்சள் துணி வந்தது, சூடம் வந்தது, தகரக் கூரையும் வந்தது. கூத்தைக் கேளுங்கள், கோயில் தலைவர் யார் தெரியுமா? அதே கலியாணசுந்தரம்! மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளன்று ஊரைக் கூட்டிப் பொங்கல் வைக்கப்போகிறாராம்.

"அறிவு கெட்ட கூட்டம்" என்று நல்லையா காறித் துப்பினார். "தண்ணி ஏறுறது கட்டை வழியா. பட்டையில எறங்குறது எல சமைச்ச சோறு. சோறு நின்ன வேரு சாவ நாளாகும்லா."

ஆடி மாதம் ஒருநாள் அடியில் கிளறிப் பார்த்தார். சல்லிவேர் விரலில் மசிந்தது. வேர் போன மரம் ஒரு காற்றுக்குத் தாங்காது. விழுந்தால் பொன்னம்மா தலையில்தான்.

உரித்ததைச் சொன்னால் மானம் போகும். சொல்லாமலே புரியவைக்க ஒரு வழி கண்டார். மறுநாள் விடிந்ததும் ஒரு சின்னக் கிளையை வெட்டி, நடுவில் பட்டையை வளையமாக நீக்கி, சிவப்பு மை கரைத்த போத்தலில் நிறுத்தி வெயிலில் வைத்தார். இலைகள் வெயிலில் தண்ணீரை ஆவியாக விட விட, கீழிருந்து சிவப்பு மேலே ஏறியது. பத்து மணிக்கு, மரத்தைக் கும்பிட வந்த கூட்டத்தின் முன்னால் கிளையைப் பிளந்தார். கட்டை நெடுகச் சிவப்புக் கோடு.

"பாருங்க, பட்டை இல்லாட்டியும் தண்ணி..."

"அலாமாக்! ரத்தம்!" என்று அலறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள் பூ விற்கும் கமலவேணி. கூட்டமே விழுந்து கும்பிட்டது. கலியாணசுந்தரம் சூடம் கொளுத்தினார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

நல்லையா பொறுமை இழந்தார். "அது மை! கரைச்சது நான்தான். இந்த மரத்துப் பட்டையை உரிச்சதும் நான்தான், தைப்பூசத்தன்னைக்கு, இந்தப் பாராங் கத்தியால! வேரு அழுகிப்போச்சு, எல்லாரும் தள்ளிப் போங்க!"

கலியாணசுந்தரம் அசரவே இல்லை. "ஆத்தா ஒன் கையாலயே தன் சக்தியக் காட்டியிருக்கா, நல்லையா. விழுந்து கும்பிடு." கூட்டம் ஆமாம் போட்டது.

ஒருத்தி மட்டும் அவரை நம்பினாள். பொன்னம்மா அடுப்பை அணைத்தாள்; கூடையையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு போய்ச் சாலைக்கு அந்தப் பக்கம் வைத்தாள்; திரும்பி வந்து புருஷன் எதிரே நின்றாள்.

"தைப்பூசத்துலேர்ந்து தெனமும் நான் இதுக்கு அடியிலதான் உக்காந்திருக்கேன். தெரிஞ்சுக்கிட்டே இன்னைக்குக் காலையிலகூட சட்டியத் தூக்கியாந்து வெச்சுட்டுப் போனீங்களே?"

ஊரில் ஒருத்தனுக்கும் அறிவில்லை என்று சொல்லித் திரிந்தவர் குனிந்து, அணைத்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்.