மாமியாரிடம் சொன்ன நேர்த்தி

எடையைக் குறைக்க, இன்று என் மகனைத் தினமும் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். "நடக்கதெல்லாம் நமக்கு ஒத்து வராதும்மா" என்கிறான்.

ஏலே, வயிற்றுக்குள் இருக்கும்போதே நடந்தவன் நீ!

எண்பதுகளில், சங்கரன்கோவிலில் அவனைச் சுமந்துகொண்டிருந்தேன். "நல்லா சாப்பிடணும், நடக்கணும்" என்று நர்சம்மா சொல்லி அனுப்பினார். என் மாமியாரோ சோற்றைப் பாதியாகக் குறைத்தார்.

"நெறைய தின்னா பிள்ளை பெருத்துரும், பேறுகாலம் கஷ்டமாயிரும். வாசலைத் தாண்டாத."

பசியோடு படுத்துக்கிடக்க நான் தயாராக இல்லை.

"அத்தை, தெனமும் கோமதி அம்மன் கோயிலைச் சுத்துததா நேர்ந்திருக்கேன்" என்று ஒரே போடாகப் போட்டேன்.

சாமி காரியம்! அவரால் தடுக்க முடியவில்லை. பிரகாரம் முழுக்க நடந்தேன். வரும் வழியில் அவித்த கடலை வாங்கிவந்து, "பிரசாதம் அத்தை" என்று அவர் கண் முன்னாலேயே தின்றேன்.

பிள்ளை கொழுகொழுவென்று சுகமாகப் பிறந்தான். "எல்லாம் அம்மன் புண்ணியம்" என்றார் மாமியார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இன்று மகனிடமும் அதையே எடுத்துவிட்டேன். "அந்த நேர்த்தி இன்னும் முடியலடா. மிச்சத்தை நீதான் சுத்தணும். நாளைக்கு விடியக்காலமே கெளம்பு."

இந்த முறை பிரசாதம் மட்டும் கிடையாது. சரிதானே மக்கா?