இலை மேல் இருந்த வெள்ளை மாவு

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுவரிசைக்குப் பின்னால் சக்கரவர்த்திக்கீரை தானாக முளைக்கும். இலையில் மாவு தூவினது போல வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் பறிப்பேன்.

போன மாதம், பிள்ளை பெற்று வந்திருந்த மருமகளுக்கு ஒரு மடி பறித்தேன். அலசியதும், வழக்கத்துக்கு மாறாக, மாவெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. தேயிலைக்குப் போட்ட டோலமைட் சுண்ணாம்புத் தூள்தான் காற்றில் வந்து படிந்திருக்கிறது. இலையைக் கசக்கி முகர்ந்தேன். ஊமத்தங்கன்றின் நாற்றம்.

“என்னங்கத்தே, கீரையக் கழுவுறீங்களா, வெளுக்குறீங்களா? பசிக்குது,” என்றாள்.

சொல்ல வெட்கமாக இருந்தது. தொட்டிலில் பிள்ளை அசைந்தது. விஷம் தாய்ப்பாலில் அதற்கும் போகுமே என்று, ஊமத்தையைப் பறித்துவிட்டதைச் சொல்லிவிட்டேன்.

“பருப்பு போதும், உக்காருங்க,” என்றாள்.

இலையையெல்லாம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இப்போது இலையைத் திருப்பி அடிப்பக்க மாவைப் பார்த்து, கசக்கி முகர்ந்துதான் பறிக்கிறேன். சந்தேகமென்றால், கூச்சமாக இருந்தாலும், பக்கத்துக் காம்பிரா வீட்டில் கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் வைக்கிறேன்.