அத்தாவுக்குக் காட்டிய ஆட்டின் ராணி

என் அத்தா எங்கள் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கைப்பேசி வழியாக வருவார். குவைத்தில் ஏசி மெக்கானிக் வேலை. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்துகொண்டு வீடியோ கால் போடுவார். திருச்சி பாலக்கரையில் எங்கள் வீட்டு ஹாலில் அம்மா கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைப்பாள். முதலில் அம்மா பேசுவாள், அப்புறம் அண்ணன், கடைசியில் நான். என் முறை வரும்போது பேச எதுவும் மிச்சம் இருக்காது. சாப்பிட்டாயா என்பார், சாப்பிட்டேன் என்பேன். படிக்கிறாயா என்பார், ம் என்பேன். அதோடு சரி. "சரிம்மா, அம்மாட்ட குடு" என்று முடித்துவிடுவார்.

ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு அது பெரிய கௌரவக் குறைச்சலாக இருந்தது. அண்ணனோடு கிரிக்கெட்டைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுகிறவருக்கு என்னிடம் பேச ஒரு விஷயம் கூடவா கிடைக்காது? சரி, அவருக்குக் கிடைக்காவிட்டால் நானே ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

அம்மாவின் கைப்பேசியில் மருதாணி டிசைன் தேடப் போய், சீட்டுக்கட்டில் வித்தை காட்டும் ஒரு ஆளின் வீடியோ கண்ணில் பட்டது. அவர் பேசிய பாஷை எனக்கு விளங்கவில்லை, விரல்கள் விளங்கின. அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடி, சின்னக்கடை வீதியில் ஒரு பேன்ஸி ஸ்டோரில் சீட்டுக்கட்டு வாங்க வைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"யா அல்லாஹ்! வீட்டுக்குள்ள சீட்டுக்கட்டா? பரக்கத்தே போயிடும்டி!"

விவகாரம் அந்த வாரமே குவைத் வரை போயிற்று. சூதாடினால்தானே தப்பு, புள்ளை வித்தைதானே காட்டுகிறது, விடு என்று அத்தா தீர்ப்புச் சொன்னார். தொழுகை நேரத்தில் கட்டு கண்ணில் படக்கூடாது என்ற நிபந்தனையோடு அம்மா விட்டுக்கொடுத்தாள்.

வித்தை இதுதான். கட்டின் மேலிருந்து ஒரே ஒரு சீட்டை எடுப்பது போல இரண்டை ஒன்றாக ஒட்டி எடுத்துத் திருப்ப வேண்டும். பார்ப்பவருக்கு ஆட்டின் ராணி, அதாவது சிவப்பு இதயம் போட்ட ராணி, தெரியும். இரண்டையும் அப்படியே கட்டின் மேல் கவிழ்த்துவிட்டு, இப்போது நிஜமாகவே மேலே இருக்கிற ஒற்றைச் சீட்டை, முகம் காட்டாமல், அவர் கையில் கொடுக்க வேண்டும். ராணி தன் கையில் இருக்கிறாள் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கையில், கட்டின் மேல் சீட்டைத் திருப்பினால் அங்கே ராணி சிரிப்பாள். இதற்கு முன்கூட்டியே இடது கைச் சுண்டு விரலால், மேலே உள்ள இரண்டு சீட்டுக்கும் மற்றதற்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். முழு வித்தையும் அந்தச் சுண்டு விரலில்தான் இருக்கிறது.

கைப்பேசிக்கு முன்னால் அதைக் காட்டினேன். அத்தாவின் கைக்குப் பதிலாக, ராணி என்று சொல்லி அந்த ஒற்றைச் சீட்டைச் சொம்புக்கு அடியில் வைத்தேன். ராணி கட்டின் மேலே வந்து சேர்ந்ததும் அத்தா கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். அறையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார். "எம்மவ பாருங்க, எம்மவ!" இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டார். அன்று அண்ணனின் கிரிக்கெட்டுக்கு நேரமே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் என்னுடையவை ஆயின.

அத்தா லீவில் வந்தார். வந்த அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பிரியாணி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்க, "எங்க, என் மந்திரவாதி எங்க?" என்று அத்தா என்னை இழுத்துத் தன் இடது பக்கத்தில், மேலே உரச உட்கார வைத்துக்கொண்டார். நான் கட்டை எடுத்தேன். பாதியில் அத்தா குனிந்து, ரொம்ப அக்கறையாக, என் சுண்டு விரலைத் தொட்டுக் காட்டினார்.

"ஏம்மா, இதுல ரெண்டு சீட்டு ஒட்டிக்கிட்டு வருது பாரு. வேர்வையா இருக்கும்."

அவர் பாவம், உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தார். கூடம் குலுங்கச் சிரித்தது. அத்தாவின் தம்பி, எங்கள் சாச்சா, சும்மா இருப்பாரா? "செல்லுல மட்டும் வேலை செய்யிற மந்திரவாதி போல!" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முன்னால் இருக்கும் கைப்பேசிக்குத் தெரியாத இடைவெளி, வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் மனுஷருக்கு வாசல் கதவு போலத் திறந்து தெரிந்திருக்கிறது. ஒற்றைக் கண்ணுக்காகவே நான் பழகியிருந்தேன்.

"அத்தா, நீங்க அங்க போய் எதிர்ல உட்காருங்க" என்றேன்.

அவர் மறுபேச்சு இல்லாமல் எழுந்து போய் டிவி பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தபோது வித்தை கச்சிதமாக நடந்தது. கை தட்டினார்கள். ஆனால் உடைந்த மூக்கு உடைந்ததுதான். அதைவிட மோசம், அன்றிலிருந்து நான் கட்டைக் கையில் எடுத்தாலே அத்தா எழுந்துவிடுவார். "நான் எதிர்ல போயிடவாம்மா?" என்பார். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். என் வித்தை நொண்டி என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி அல்லவா அது? அவர் திரும்பிப் போவதற்குள், பக்கத்திலேயே உட்கார வைத்து அவரை ஏமாற்றியே தீருவது என்று சபதம் போட்டேன்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நான் அந்த அம்மியை விடவில்லை. முதலில் சுண்டு விரல். விரலையே நுழைத்தால் கதவு திறந்துவிடும்; விரல் நுனிச் சதை மட்டும் சீட்டின் ஓரத்தைக் கவ்வ வேண்டும். திருச்சி வெயிலுக்குச் சீட்டுகள் உண்மையிலேயே ஒன்றோடொன்று ஒட்டின. அம்மாவின் முகப் பவுடரைத் தூவித் துடைத்தேன். பவுடர் டப்பா காலியாகும் வேகத்தைப் பார்த்து அம்மா அண்ணனைச் சந்தேகப்பட்டாள், அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. வேகமாகச் செய்தால் தப்பு மறையும் என்று நினைத்திருந்தேன். மறையாது, தப்பும் சேர்ந்து பழகிவிடும். அதனால் எருமை அசை போடுகிற மாதிரி மெதுவாகச் செய்தேன். சமூக அறிவியல் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே, கையைப் பார்க்காமல் செய்தேன். பீரோக் கண்ணாடிக்கு வலது பக்கத்தைக் காட்டி நின்று செய்தேன். கண்ணாடியில் இடைவெளியும் தெரியவில்லை, இரண்டு சீட்டும் தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முக்கொம்புக்குப் போனோம். மீன் வறுவல் தின்று முடித்து, பூங்கா பெஞ்சில் அத்தாவை நானே பக்கத்தில் உட்கார வைத்தேன். காற்று சீட்டைப் பிடுங்கப் பார்த்தது, நான் விடவில்லை. ராணி வந்தாள். அத்தா "அட!" என்றார். இன்னும் தின்றுகொண்டே எதிரே நின்ற அண்ணன் மட்டும் வறுவல் முள்ளைத் துப்பிவிட்டு, "பிடிச்சுட்டேன். நீ எப்பல்லாம் கண்ணைச் சிமிட்டுறியோ அப்பல்லாம் என்னமோ திருட்டு வேலை பண்றே" என்றான்.

நான் நம்பவில்லை. அத்தாவைத் திரும்பிப் பார்த்தேன். "நான் ஒண்ணும் பாக்கலம்மா, சத்தியமா" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. காது மடல் சிவந்துவிடும். சிவந்திருந்தது.

வீட்டுக்கு வந்து, அண்ணனை வீடியோ எடுக்கச் சொன்னேன். அதில் ஒருத்தி, சீட்டைத் தூக்குகிற அந்த நொடியில், இரண்டு கண்ணையும் இறுக மூடித் திறக்கிறாள். கண்ணாடி முன்னால் எவ்வளவோ பார்த்துப் பார்த்துப் பழகியும், பார்க்க வேண்டிய அந்த ஒரு நொடியை மட்டும் நான் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான். அன்றோடு கண்ணாடியைத் தலைமுழுகினேன். செய்வது, வீடியோ எடுப்பது, என் கண்ணையும் கையையும் பார்ப்பது, திரும்பச் செய்வது.

சிமிட்டாமல் இருக்கப் பழகியபோதுதான் அடுத்த பாடம் பிடிபட்டது. சீட்டை எடுக்கிற நேரத்தில் எதிராளியின் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்க வேண்டும். கேட்டால் அவர் நிமிர்வார். நிமிர்ந்தால் கை என்னுடையது. ஆனால் ஆளுக்கு ஆள் கேள்வி வேறு. "குழம்புல உப்பு போட்டியா?" என்றால் அம்மா அடுப்படியைத் திரும்பிப் பார்ப்பாள். "ரிசல்ட் எப்பண்ணே?" என்றால் அண்ணனுக்குக் கண் இருண்டுவிடும். அத்தாவிடம்தான் எந்தக் கேள்வியும் பலிக்கவில்லை. சாப்பிட்டீங்களா, அங்கேயும் இப்படி வெயிலா, என்ன கேட்டாலும் கட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்வார். மகளுக்கு எங்கே சீட்டு ஒட்டிக்கொள்ளுமோ என்ற கவலை அவருக்கு.

ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாச்சா சாதாரணமாக, "அண்ணே, அடுத்து எப்ப லீவு?" என்று கேட்டார். அத்தாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது. தட்டை விட்டு நிமிர்ந்து பார்த்தார். கையில் சோறு இருப்பதே அவருக்கு மறந்துபோனது. அம்மா சட்டென்று எழுந்து ரசம் எடுக்கப் போனாள், ரசம் பக்கத்திலேயே இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிடைத்துவிட்டது என் கேள்வி!

அதை வீணாக்காமல் பத்திரமாக வைத்திருந்தேன்.

அவர் கிளம்புகிற நாள் வந்தது. சாயங்கால அஸர் தொழுதுவிட்டு, புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, ஹாலில் வந்து உட்கார்ந்தார். வாசலில் அண்ணனும் சாச்சாவும் அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கட்டோடு போனேன். அவர் வழக்கம்போல எழுந்தார்.

"நான் எதிர்ல போயிடவாம்மா?"

"வேணாம் அத்தா. இங்கேயே உட்காருங்க. இன்னும் கிட்டக்க."

அம்மாவின் கையில் கைப்பேசியைக் கொடுத்து, என் கை நன்றாகத் தெரிகிற மாதிரி எடு என்று கண்டிப்பாகச் சொன்னேன். அத்தாவின் தோள் என் தோளில் இடித்தது. சுண்டு விரல் நுனியால் கவ்வினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். சிமிட்டவில்லை.

"அத்தா, அடுத்து எப்ப வருவீங்க?"

நிமிர்ந்தார். நான் இரண்டு சீட்டை ஒன்றாக எடுத்துத் திருப்பி, ராணியைக் காட்டி, கவிழ்த்து, மேல் சீட்டை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். "இன்ஷா அல்லாஹ், சீக்கிரம் வருவேம்மா" என்றார். கட்டின் மேல் ராணியைத் திருப்பிப் போட்டேன்.

"மாஷா அல்லாஹ்" என்றார்.

ஜெயித்தேன்! ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அவர் சொல்லவில்லை. காது மடல் சிவக்கவில்லை. நான் வாசல் வரை குதித்துப் போய்ச் சாச்சாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஏர்போர்ட்டில் அவரை விட்டுவிட்டுத் திரும்புகையில், காரில் அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். என் கை அவ்வளவு சுத்தம். ஒரே ஒரு குறைதான். நான் கேள்வி கேட்ட இடத்தில் படம் ஆடியிருந்தது.

"முக்கியமான இடத்துல ஏம்மா இப்படி ஆட்டுனே?" என்று சண்டை பிடித்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது நான் புனேயில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் விழாக்களில் சுற்றி நின்று யார் பார்த்தாலும் பயமில்லாமல் வித்தை காட்டுகிறேன். அத்தா குவைத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் கைப்பேசியைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு எனக்குக் கால் போடுகிறார். போன வாரம் துவைத்த துணியை மடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். "அடுத்து எப்பம்மா வருவே?" என்றார். என் கை துப்பட்டாவோடு அப்படியே நின்றுவிட்டது.

பேசி முடித்ததும் அந்தப் பழைய வீடியோவைத் தேடி எடுத்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான். முதல் தடவையாக என் கையை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். நான் கேட்கிறேன், அத்தா நிமிர்கிறார், படம் ஆடுகிறது. ஆட்டம் நின்ற பிறகும் அவர் குனியவில்லை. உள்ளங்கையில் வைத்த சீட்டை அவர் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ராணியைத் திருப்பிப் போட்டு "பாருங்க அத்தா, பாருங்க!" என்று கத்துகிறேன். என்னைப் பார்த்தபடியேதான் மாஷா அல்லாஹ் என்கிறார்.

ராணி வந்ததை அவர் பார்க்கவே இல்லை.