பீரோவில் ஆற்றைக் கடந்த டிரைவர்

முப்பது வருடம் பேருந்து ஓட்டிய டிரைவருக்கு ஒரு வியாதி உண்டு. வேறு யார் வண்டி ஓட்டினாலும், பக்கத்தில் உட்கார்ந்து வெறும் தரையில் பிரேக் மிதிப்பார். கால் உடைந்து மூன்று மாதமாக வீட்டில் கிடந்தவர், மல்லாந்து மிதந்த பீரோவில் ஏறி ஆற்றைக் கடப்பதாகக் கனவு கண்டார். மனைவிதான் துடைப்பத்தால் துடுப்புப் போட்டாளாம்.

பார்க்க வந்த கண்டக்டர் கனவைக் கேட்டு, "ஆறு தாண்டினா டிரான்ஸ்ஃபர்தாண்ணே" என்று பலன் சொன்னார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள். "அங்கயும் பிரேக் மிதிச்சீங்களா?"

டிரைவர் யோசித்தார். இந்த மூன்று மாதமும் வேலைக்கும் போய், அவரையும் குளிப்பாட்டிவிட்டு, வீட்டைத் தள்ளிக்கொண்டு போனவள் அவள். அவள் அப்பாடா என்று உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"இல்லம்மா," என்றார். "நீதானே ஓட்டுன. நான் நல்லாத் தூங்கிட்டேன்."